பட்டறைப் பதில்கள்: காலிப்பருக்குச் சிவப்பு அடிக்கலாமா?

கேள்வி: காருக்குப் புதிதாக அலாய் வீல் போட்டேன். இப்போது அதன் சந்து வழியாகத் துருப்பிடித்த பிரேக் காலிப்பர் பல்லை இளிக்கிறது. வீட்டிலேயே சிவப்பு பெயின்ட் அடித்துவிடலாம் என்று இருக்கிறேன். காலிப்பரைக் கழற்றியே ஆக வேண்டுமா? எந்த பெயின்ட் வாங்குவது?

பதில்: கழற்ற வேண்டாம். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்கிற தட்டை, இரண்டு பக்கமும் பேட் வைத்து இறுக்கிப் பிடிக்கிற கவ்விதான் காலிப்பர். வெளியில் தெரிவது முன்முகம் மட்டும்தான். உள்பக்கத்தை அடுத்த தடவை பேட் மாற்றுகிற மெக்கானிக் ஒருவர்தான் பார்க்கப் போகிறார். அவர் நிறத்துக்கெல்லாம் மார்க் போட மாட்டார்.

நான் என் சொந்தக் காரில் கழற்றிச் செய்து வாங்கிக்கட்டிக் கொண்டவன். அப்போது பட்டறையில் கை பழகிய புதிது. காலிப்பர், அதைத் தாங்கும் பிராக்கெட் எல்லாவற்றையும் கழற்றி, கம்பியில் தொங்கவிட்டு, ஒரு இடுக்கு விடாமல் மூன்று கோட் ஸ்பிரே அடித்தேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. திருப்பி மாட்டும்போது பேட் உள்ளே போக மாட்டேன் என்றது. சுத்தியல் காம்பால் இரண்டு தட்டுத் தட்டி உட்கார வைத்தேன். அங்கேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். மறுநாள் அரை மணி நேரம் ஓட்டியதும் வண்டி எதையோ இழுத்துக்கொண்டு போவது போல் கனத்தது. கருகல் வாடை வேறு. இறங்கிப் பார்த்தால் முன் வலது சக்கரத்தில் கை வைக்க முடியவில்லை. நான் ஆசையாக அடித்த சிவப்பு, செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது.

நடந்தது இதுதான். பேடின் இரண்டு முனையிலும் காது போல நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காது பிராக்கெட்டில் உள்ள காடியில், அதாவது பள்ளத்தில், தாராளமாக நகர வேண்டும். பிரேக்கை மிதித்தால் முன்னே போகணும், காலை எடுத்தால் விலகணும். அந்தக் காடியில் நான் மூன்று கோட் அடித்து வைத்திருந்தேன். மிதித்ததும் போன பேட் திரும்பி வர வழியில்லாமல் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பழைய பிளேடால் சுரண்டினேன்.

அதனால் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: இரும்பும் இரும்பும் தொடுகிற இடம், இரும்பு நகர்கிற இடம், இரண்டிலும் பெயின்ட் கூடாது. பேட் உட்காரும் காடி, காலிப்பர் சறுக்குகிற கம்பி போன்ற பின், அப்புறம் சக்கரம் போய்ப் படிகிற ஹப் முகம். இந்தக் கடைசி இடத்தைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். டிஸ்க்கின் நடுப்பகுதியும் சேர்ந்து அழகாக இருக்கட்டும் என்று அங்கேயும் ஒரு இழுப்பு இழுத்துவிடுவார்கள். ஓட ஓட அந்தப் பெயின்ட் நசுங்கி மெலியும், வீல் நட்டு தளரும். காடியில் பட்டால் சக்கரம் சூடாகும், அவ்வளவுதான். இங்கே பட்டால் சக்கரமே கழன்று போகலாம்.

சரி, பெயின்ட்டுக்கு வருவோம். சாதாரண எனாமல் வேண்டாம். மலை இறக்கத்தில் டிஸ்க் பல நூறு டிகிரி சூடாகும். காலிப்பர் அந்த அளவுக்குப் போகாது, ஆனாலும் 100 டிகிரியைத் தாண்டிவிடும். எனாமல் பழுத்து உரியும். காலிப்பருக்கென்றே வருகிற பெயின்ட்டை வாங்குங்கள். சைலன்சர் பெயின்ட் இன்னும் அதிகச் சூடு தாங்குமே என்று கணக்குப் போடாதீர்கள். அதில் பல வகை நன்றாகச் சூடேறினால்தான் கெட்டிப்படும், காலிப்பர் அவ்வளவு சூடாவதில்லை. கழற்றாமல் அடிப்பதற்குப் பிரஷ்ஷில் பூசுகிற, ஹார்டனர் என்கிற கெட்டிப்படுத்தும் மருந்து கலக்கிற வகைதான் என் கட்சி. பிரஷ் கோடு தானே படிந்து மறைந்துவிடும். தேவையான அளவு மட்டும் கலக்குங்கள், மிச்சம் டப்பாவிலேயே கல்லாகிவிடும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்கிவிடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி ஒரு நிமிடம்கூட வேலை செய்யாதீர்கள்.

நேரத்தில் முக்கால் பங்கு சுத்தம் செய்வதில்தான் போகும். பிரேக் தூசியை ஊதவே ஊதாதீர்கள், மூச்சில் போனால் கெடுதல். மாஸ்க் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் எடுங்கள். துருவுக்குக் கம்பி பிரஷ், அப்புறம் உப்புத்தாள். ஆனால் பேடைத் தள்ளுகிற பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் பக்கம் கம்பி பிரஷ் போகக் கூடாது, அங்கே பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். கடைசியில் பிரேக் கிளீனர் அடித்து, வெள்ளைத் துணி அழுக்காகாமல் வரும்வரை துடையுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், எண்ணெய்ப் படலம் விட்டுப்போகும். இந்தக் கட்டத்தில் ரப்பர் ஓரம் ஈரமாக இருந்தால் பெயின்ட் டப்பாவை மூடி வைத்துவிடுங்கள். அது பிரேக் ஆயில் கசிவு. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். சாதாரண பிரேக் ஆயில் பெரும்பாலான பெயின்ட்டைத் தின்றுவிடும் என்பது அதற்கு அடுத்த கவலை.

டிஸ்க், ரப்பர், ஹோஸ், ஏபிஎஸ் வயர் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பிரேக் ஆயிலில் சேர்ந்த காற்றை வெளியேற்றத் திறக்கிற பிளீடர் நிப்பிளை மறக்காதீர்கள். அதன் மேல் பெயின்ட் இறுகினால், அடுத்த முறை பிரேக்கில் ஏர் எடுக்கும்போது ஸ்பேனர் வழுக்கி முனை உருண்டுவிடும். மெல்லிசாக இரண்டு கோட் போதும். பெயின்ட் கல்லாக இறுகுவதற்கு முன்பே டேப்பை எடுத்தால் ஓரம் உரியாது. ஒரு நாள் காயவிட்டுச் சக்கரத்தை மாட்டுங்கள். வண்டியை நகர்த்துமுன் பிரேக்கை நாலைந்து தடவை மிதித்து, பெடல் கெட்டியாக நிற்கிறதா என்று பாருங்கள். 50 கிலோமீட்டர் ஓட்டியபின் வீல் நட்டை மறுபடி ஒரு பிடி பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அடித்து முடித்துவிட்டேன். டேப் விலகி டிஸ்க்கில் கொஞ்சம் தெளித்துவிட்டது. பேட் ஓரத்திலும் ஒரு சொட்டு. இப்போது என்ன செய்வது?

பதில்: டிஸ்க்கில் பட்டதற்குப் பதற வேண்டாம். பிரேக் கிளீனர் நனைத்த துணியால் துடையுங்கள். லேசாக மிச்சம் இருந்தாலும் சில தடவை பிரேக் பிடித்தால் பேடே அதைத் தேய்த்து எடுத்துவிடும். பேடில் எந்தப் பக்கம் விழுந்தது என்பதுதான் விஷயம். பின்னால் உள்ள இரும்புத் தகட்டின் மேல் என்றால் பரவாயில்லை, அது காடியில் நகரும் காதில் படாமல் இருந்தால் சரி. டிஸ்க்கை உரசும் முகத்தில் ஊறியிருந்தால் மேலாக உப்புத்தாள் தேய்த்துப் பாருங்கள். ஆழமாக இறங்கியிருந்தால் பேடை மாற்றுங்கள். ஒரு சக்கரத்தில் மட்டும் மாற்றினால் வண்டி ஒருக்களித்து இழுக்கும், இடது வலது இரண்டு சக்கரத்திலும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கேள்வி: சிவப்பு அடித்தால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று நண்பன் சொல்கிறான். உண்மையா? பந்தயக் கம்பெனி பெயர் போட்ட பிளாஸ்டிக் கவர் மாட்டலாமா?

பதில்: உங்கள் நண்பரிடம் ஒரு சேதி சொல்லுங்கள். 1953-இல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் சி-டைப் கார் ஜெயித்ததில் டிஸ்க் பிரேக்குக்குப் பெரிய பங்கு. மூடிய உருளைக்குள் பிடிக்கிற டிரம் பிரேக் கார்கள் சூட்டில் பிடிப்பு இழந்து திணறியபோது, அது திருப்பம் வரை வேகமாகப் போய்ப் பிரேக் பிடித்தது. அதற்குக் காரணம் திறந்த டிஸ்க் சீக்கிரம் ஆறுவதுதான், நிறத்துக்கு அதில் வேலையே இல்லை. பெயின்ட்டால் துரு கொஞ்சம் தள்ளிப்போகும், கசிவு இருந்தால் பளிச்சென்று தெரியும். கவர் மட்டும் வேண்டவே வேண்டாம். ஓடும்போது கழன்று சக்கரத்தில் உரசும். தவிர, சின்னக் காலிப்பர் மேல் பெரிய பெயர் ஒட்டினால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

கேள்வி: என் காரில் பின்னால் டிரம் பிரேக். அதற்கும் சிவப்பா?

பதில்: கறுப்பு அல்லது வெள்ளி நிறம் அடியுங்கள். ஹப் முகத்துக்குச் சொன்னது இங்கேயும் பொருந்தும். சிவப்பு டிரம் தூரத்திலிருந்து பார்க்கப் பெயின்ட் டப்பா மூடி மாதிரியே இருக்கும்.