செரோக்கி மக்கள், கிறித்தவம், அடிமை முறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: செரோக்கிகளும் அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பது உண்மையா?

பதில்: உண்மை. செரோக்கிகள் அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழ்ந்த பழங்குடி மக்கள். 1835ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் செரோக்கிகள் ஏறத்தாழ 16,500 பேராகவும், அவர்களிடமிருந்த கறுப்பின அடிமைகள் 1,600 பேரளவிலும் இருந்தனர். எனினும் பெரும்பாலான குடும்பங்களிடம் அடிமை ஒருவர்கூட இல்லை. பண்ணை முதலாளிகளான சிலரிடமே அவர்கள் குவிந்திருந்தனர்.

கேள்வி: மதபோதகர்கள் அதைக் கண்டிக்கவில்லையா?

பதில்: தொடக்கத்தில் இல்லை. 1801இல் மொராவியச் சபை என்னும் புராட்டஸ்டன்ட் கிறித்தவச் சபையார் இன்றைய ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங் பிளேஸில் தொடங்கிய நிலையமே, அடிமைகளின் உழைப்பில் செழித்த செரோக்கித் தலைவர் ஜேம்ஸ் வானின் பண்ணைக்கு அருகில், அவருடைய ஆதரவில்தான் அமைந்தது. செரோக்கிகளின் நில உரிமைக்காக ஜார்ஜியா அரசை எதிர்த்து 1831இல் சிறை சென்ற மதபோதகர் சாமுவேல் வூஸ்டர்கூட, அடிமை உடையவர்களைச் சபையிலிருந்து நீக்க இசையவில்லை. அவருடைய துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் அத்துணிவு அடிமைகள் வரை எட்டவில்லை. மாறாக, பாப்டிஸ்டு போதகர் இவான் ஜோன்ஸ் 1850களில் அடிமை உடையவர்களைத் தம் சபைகளிலிருந்து விலக்கினார்.

கேள்வி: மதம் மாறிய செரோக்கிகளையாவது வெள்ளையர் சமமாக ஏற்றார்களா?

பதில்: கனெக்டிகட் மாநிலத்துக் கார்ன்வாலில் நடந்ததே இதற்கு விடை. அங்கிருந்த மிஷன் பள்ளியில் பயின்ற செரோக்கி இளைஞர் இலியாஸ் பூடினோ, பின்னாளில் ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ இதழின் ஆசிரியரானவர், பக்தியுள்ள கிறித்தவர். அவரும் அவ்வூர்ப் பெண் ஹாரியட் கோல்டும் மணம் செய்துகொள்ளவிருப்பது 1825இல் தெரியவந்தபோது, ஊரார் இருவரின் கொடும்பாவிகளையும் எரித்தனர். தீ வைத்தவர் ஹாரியட்டின் சொந்தச் சகோதரர். மறுஆண்டு திருமணம் நடந்தது. பள்ளியோ விரைவில் மூடப்பட்டது. ஞானஸ்நானம் தரத் தயங்காத ஊர், பெண் தர மறுத்தது.

கேள்வி: இனப்பாகுபாட்டால் துன்புற்றவர்கள் தாங்களே கறுப்பினத்தவரை ஒதுக்கியது ஏன்?

பதில்: வெள்ளையரின் பார்வையில் ‘நாகரிகமடைந்த’ தேசமாகத் தோன்றினால் நிலம் பறிபோகாது என்னும் நம்பிக்கை, பண்ணை உடைய தலைவர்களின் சொந்த நலனோடு சேர்ந்துகொண்டது என்பதே என் கருத்து. செரோக்கிகளின் 1827ஆம் ஆண்டு அரசியலமைப்பு, ஆப்பிரிக்க வழியினருக்குப் பதவிகளை மறுத்தது. அப்படியும் 1838-39இல் செரோக்கிகள் தம் அடிமைகளோடு அமெரிக்க அரசால் மேற்கே துரத்தப்பட்டனர். விடுதலை பெற்ற அடிமைகளுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் அமெரிக்க அரசுடனான 1866 ஒப்பந்தம் செரோக்கி தேசத்தின் குடியுரிமை தந்தது. 2007இல் செரோக்கி வாக்காளர்கள் அதைப் பறிக்க வாக்களித்தனர். 2017இல் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் அவ்வுரிமையை உறுதிசெய்தபின், 2021இல் செரோக்கி உச்ச நீதிமன்றமே குடியுரிமைக்குச் செரோக்கி வம்சாவளி வேண்டும் எனக் கோரிய ‘இரத்த வழி’ என்னும் நிபந்தனையை அரசியலமைப்பிலிருந்து நீக்கியது.