சென்னையில் வருடம் முழுக்கப் பூவும் காயும் கிடைக்குமா?

கேள்வி இது: சென்னையில் தனி வீடு, சுற்றிலும் கொஞ்சம் மண் இருக்கிறது. வருடம் முழுக்கப் பூவும் காய்கறியும் வருகிற மாதிரி தோட்டம் போட முடியுமா, எந்த மாதம் என்ன செய்ய வேண்டும்?

முடியும். ஆனால் எல்லா மாதமும் எல்லாமும் வராது. இங்கே செடிகளுக்கு இரண்டு கஷ்ட காலம்: ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்று, சித்திரை, வைகாசி வெயில் இன்னொன்று. வெயிலில் காய் பாதி நின்று போகும். ஆனால் மல்லிகை கொட்டுவது அப்போதுதான். இரண்டையும் கலந்து வைத்தால் ஒன்று ஓயும்போது மற்றது கை கொடுக்கும். எங்கள் வீட்டில் மாமா காய்கறிக் கட்சி, அத்தை பூக் கட்சி. இரண்டு பேருக்கும் தண்ணீர் ஊற்றும் கட்சி நான். அதனால் இரு தரப்பு வாதமும் எனக்கு அத்துப்படி.

முதலில் உங்கள் மண் எது என்று பாருங்கள். திருவான்மியூர், அடையாறு, சாந்தோம் பக்கம் மணல். ஊற்றிய தண்ணீர் நிற்காது, மக்கிய உரம் நிறையக் கேட்கும். அண்ணா நகர், மேற்கு மாம்பலம், பெரம்பூர், எங்கள் வில்லிவாக்கம் எல்லாம் களிமண். சத்து பிடிக்கும், ஆனால் மழையில் சேறு, வெயிலில் வெடிப்பு. களிமண்காரர்கள் பாத்தியை ஒரு அடியாவது உயர்த்திப் போடுங்கள். மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். மேட்டுப்பாத்தி இல்லாத களிமண்ணில் நவம்பரில் கத்தரியும் மிளகாயும் வேர் அழுகிச் சாயும்.

தோட்டத்துக்கு வருடப் பிறப்பு சித்திரையில் இல்லை, ஆடியில். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வயலுக்கு மட்டும் சொன்னதில்லை. ஜூலை பாதிக்கு மேல் சாயங்கால இடிமழை அவ்வப்போது வந்து மண்ணின் சூட்டைத் தணிக்கும். அவரை, வெண்டை, பீர்க்கை, புடலை, பாகல் எல்லாம் அப்போது நேராக ஊன்றலாம். கத்தரி, மிளகாய் நாற்று விட்டு, ஒரு மாதம் போல ஆனதும் பிடுங்கி நட வேண்டும். மழை வலுப்பதற்குள் செடி வேர் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு.

பீர்க்கை, சுரை வைப்பவர்களுக்கு ஒரு விஷயம். "பூ பூக்குது, பிஞ்சு மஞ்சளாகி விழுது" என்று பலர் புலம்புவார்கள். இந்தக் கொடிகள் பூ விரிப்பது சாயங்காலம். அந்த நேரத்தில் நகரத்தில் தேனீயைத் தேடினாலும் கிடைக்காது. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பந்தலடியில் போய்ப் பாருங்கள். காம்பில் குட்டிக் காய் ஒட்டியிருந்தால் பெண் பூ, வெறும் காம்பு என்றால் ஆண் பூ. ஆண் பூவைப் பறித்து, இதழைப் பின்னால் மடக்கி, அந்த மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிட்டால் போதும். இந்த வேலை மாமாவுடையது. செய்தி பார்க்க உட்காருவதற்கு முன்னால் ஒரு சுற்று வந்துவிடுவார்.

புரட்டாசியில் முருங்கையின் நீண்ட கிளைகளைக் கழித்துவிடுங்கள். சும்மாவே முறியும் மரம், புயல் காற்றில் நிற்காது. 2016 டிசம்பர் 12 வர்தா புயல் அன்று ஊரில் ஆலும் தூங்குமூஞ்சியுமே சாய்ந்தன, முருங்கை எம்மாத்திரம்? ஊருக்கு வருடத்தில் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அந்த மாதங்களில் புதிதாக நடாதீர்கள். தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டுவதும், தொட்டிகளின் தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டுவதும்தான் வேலை. தட்டில் தேங்கினால் டெங்குக் கொசுவுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்தது மாதிரி.

மழை விட்டதும் சென்னைத் தோட்டத்துக்கு நல்ல காலம். ஆடியில் ஊன்றிய அவரை அதுவரை வெறும் இலையாகப் படர்ந்து வெறுப்பேற்றும். பகல் குறுகினால்தான் அது பூக்கும். கார்த்திகைக்கு மேல் கொத்துக் கொத்தாகப் பூத்து, பொங்கல் குழம்புக்குச் சரியாக வந்து நிற்கும். கூடவே நுனிக்கொழுந்தில் கறுப்பு அசுவினியும் வரும், சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி அது. எறும்பு வரிசையாக ஏறினால் அசுவினி வந்துவிட்டது என்று அர்த்தம். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைய கொஞ்சம் சோப்புக் கரைசல். இதை வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கமும் படுகிற மாதிரி அடியுங்கள்.

தக்காளியையும் இந்தப் பருவத்துக்கே வையுங்கள். ராத்திரியும் புழுங்குகிற மாதங்களில் தக்காளி பூ பூக்கும், காயாக நிற்காது. நவம்பரில் ஓட்டுக்கடியில் நாற்று விட்டு, மழை ஓய்ந்ததும் நட்டால் மாசியில் பறிக்கலாம். முள்ளங்கி, கீரை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தூவினால் வரும்.

பூவில் இந்த மாதங்கள் டிசம்பர் பூவுக்கும் செவ்வந்திக்கும். பரங்கியை மட்டும் புரட்டாசிக் கடைசியிலேயே மேட்டில் ஊன்றி வைத்தால் மார்கழிக் கோலத்தில் சாணிப் பிள்ளையாருக்குச் செருக வீட்டுப் பூவே கிடைக்கும். பறிக்கும்போது ஆண் பூவைப் பறியுங்கள், அதிலும் ஒன்றிரண்டை விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் கோலம்தான் மிஞ்சும், கூட்டு இருக்காது.

இனி மல்லிகை. நவம்பர் கடைசியில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர், அதாவது முழங்கால் உயரம் விட்டுக் கவாத்து செய்யச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம். சென்னையில் அப்போது மழை கொட்டிக்கொண்டிருந்தால் டிசம்பரில் செய்வது தப்பில்லை. அத்தைக்கு வெட்டுவதற்கு மனசே வராது. "பச்சையா இருக்கும்மா, பாவம்" என்பார். ஆனால் மல்லி பூப்பது புதுத் தளிரில்தான். வெட்டாத புதர் இலையாக வளர்ந்துகொண்டே போகும். வெட்டி, காய்ந்த குச்சிகளைக் கழித்து, செடிக்குப் பத்து கிலோ தொழு உரம் வைத்தால் மார்ச் முதல் ஜூன் வரை கவலையில்லை. மொட்டு பறிக்க நல்ல நேரம் மாலை நாலு மணிக்கு மேல். பச்சை சுத்தமாக மறைந்து, பருத்து, முழு வெள்ளையாக இருப்பதைப் பறியுங்கள், ராத்திரி விரியும். அடியில் பச்சை ஓடுவது நாளைக்கு. மொட்டில் ஓட்டை இருந்தால் உள்ளே புழு, அதைச் செடியடியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள்.

கத்திரி வெயிலில் காயாசையைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். கொத்தவரை தாங்கும், தண்டுக்கீரை தாங்கும். வெண்டைக்கு வெள்ளை ஈ வந்து இலை நரம்பு மஞ்சளாகிவிட்டால் பிடுங்கிப் போடுவதைத் தவிர வழியில்லை. பழைய கத்தரியைக் கவாத்து செய்து உரம் வையுங்கள், திரும்பவும் காய்க்கும். பச்சை வலையில் 50 சதவீத நிழல் போதும். மாசி, பங்குனியில் வேப்பமரம் உதிர்க்கும் சருகைக் குப்பைக்காரரிடம் கொடுக்காமல் சேர்த்து வைத்தால் இப்போது மூடாக்குக்கு, அதாவது செடியடி மண் காயாமல் மூடி வைக்க, ஆகும். தண்ணீர் விஷயத்தில் 2019 ஜூனில் ஏரிகள் வறண்டது நினைவிருக்கும். அன்றிலிருந்து எங்கள் அடுக்களைத் தண்ணீர் நேராக வாழைக்கும் கல்வாழைக்கும் போகிறது, அரிசி களைந்த தண்ணீர் மல்லிக்கு. ஆர்.ஓ. கழிவு நீரை மட்டும் தொட்டிச் செடிக்கு ஊற்றாதீர்கள். உப்பு சேர்ந்து இலை ஓரம் கருகும்.

விதைக்கு அலைய வேண்டாம். நாட்டு அவரையிலும் வெண்டையிலும் நல்ல காய் நாலைக் கொடியிலும் செடியிலுமே காயவிட்டு, சாம்பலில் புரட்டி எடுத்து வைத்தால் அடுத்த ஆடிக்கு ஆச்சு. பாக்கெட்டில் ஹைப்ரிட் என்று போட்டிருந்தால் அதில் எடுக்கும் விதை தாய்ச்செடி மாதிரி வராது. அந்தக் காயை முற்ற விடாமல் பறித்துச் சமைத்துவிடுங்கள்.