அக்காவாகப் பேசியவரே மாப்பிள்ளையாக வந்தார்

அன்புள்ள மேடம்,

எனக்கு 28 வயது. ஈரோடு பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். அப்பா தவறிய பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். அண்ணன் குடும்பத்தோடு பெங்களூரில் இருக்கிறார். அப்பா போன புதிதில் இரவெல்லாம் தூக்கம் வராது. அப்போது செல்போனில் தொடர்கதை படிக்க ஆரம்பித்தேன். பெரும்பாலும் ஆன்டி ஹீரோ கதைகள்தான். கோபக்காரன், பிடிவாதக்காரன், நாயகியை அவளுக்கே தெரியாமல் பின்தொடர்பவன், கடைசியில் அவளுக்காக உயிரையும் கொடுப்பவன்.

அந்தச் செயலியில் கதைகளுக்குக் கருத்து எழுதப்போய் ஒரு அக்கா பழக்கமானார். மதுரை, கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் என்றார். ஒரு வருடத்துக்கும் மேல் தினமும் பேசினோம். எல்லாம் எழுத்தில்தான். போனில் பேசக் கூச்சம் என்பார், நானும் வற்புறுத்தவில்லை. அப்பா ஐசியூவில் இருந்த கடைசி ராத்திரி, படிக்கும் காலத்தில் ஒருவரை விரும்பி அது முறிந்துபோனது, எப்படிப்பட்டவர் வந்தால் எனக்குப் பிடிக்கும், யார் என்ன சொன்னால் உடைந்துபோவேன் என்று அம்மாவிடம்கூடச் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறேன். நடுவில் சேலத்திலிருந்து ஒரு வரன் வந்தது. எனக்குப் பிடித்திருந்தது. அக்காதான் "அந்த ஆளோட பேச்சே சரியில்லடா, உன்னை அடக்கி வைப்பான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து, தூரத்து உறவு ஒருவர் மூலமாக, இப்போது எனக்குப் பேசி முடித்திருக்கும் இவருடைய ஜாதகம் வந்தது. பெண் பார்க்க வந்த அன்றே என்னோடு தனியாகப் பேசும்போது, "மேடையில உங்க அப்பாவுக்குன்னு ஒரு நாற்காலி காலியா போட்டு வைக்கலாமா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மனதில் இருந்த ஆசை அதுதான். அப்புறம் நான் சொல்லாமலே எல்லாம் நடந்தது. எனக்குப் பிடித்த நிறத்தில் புடவை, அப்பாவின் திதி நாளில் விடியற்காலையில் ஒரு செய்தி, நான் கோபப்படும் முன்பே மன்னிப்பு. கடவுளே எனக்காகச் செய்து அனுப்பியவர் என்று நினைத்தேன்.

போன மாதம் விடைத்தாள் மதிப்பெண் ஏற்ற ஒரு டேப்லெட் தேவைப்பட்டது. அவருடைய பழையதைக் கொடுத்தார். அதில் அந்தச் செயலி இருந்தது. திறந்தால் அக்காவோடு நான் பேசிய பேச்சு முழுக்க வந்தது. ஆனால் நான் எழுதியதெல்லாம் இடது பக்கம், அக்கா எழுதியதெல்லாம் வலது பக்கம். அது என்ன என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கேட்டபோது அவர் மறுக்கவில்லை. ஒரு கல்யாணத்தில் என்னைப் பார்த்தாராம், என் கருத்துகளைத் தேடிப் படித்தாராம். "நம்ம கதை மாதிரி எந்த நாவல்ல இருக்கு சொல்லு" என்று சிரித்தார். மறுநாளே "என் டேப்லெட்டை எதுக்குத் தோண்டின? உன்னை நம்பினேன் பாரு" என்று கத்தினார். அதற்கு அடுத்த நாள் அழுதார். நான் விட்டுப் போனால் உயிரோடு இருக்க மாட்டாராம்.

அம்மாவிடம் சொன்னேன். "குடிக்கறானா கண்ணு, அடிக்கறானா? உன்மேல உசுரா இருக்கான், அவ்வளவுதானே" என்கிறார். தையில் கல்யாணம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, பத்திரிகையும் அடித்தாயிற்று.

இது காதல்தானா மேடம்? இப்படிப்பட்ட நாயகனைக் கதையில் ரசித்தவள்தானே நான், இப்போது ஏன் அவர் போன் வந்தாலே வயிறு கலங்குகிறது? இன்னொன்றும் இருக்கிறது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இந்த வேதனையை அக்காவிடம் சொல்லி அழ வேண்டும் போல இருக்கிறது.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் வெட்கத்தோடு கடைசியில் எழுதியதிலிருந்து தொடங்குகிறேன். அக்காவிடம் அழ வேண்டும் என்று தோன்றுவதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. ஒரு வருடத்துக்கும் மேலாக உங்கள் இரவுகளில் துணையாக இருந்த ஒருவர் திடீரென்று இல்லாமல் போய்விட்டார். அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்பது உங்கள் அறிவுக்குத் தெரியும். மனதுக்கு அவர் இருந்தார், இப்போது இல்லை. ஏற்கெனவே அப்பாவை இழந்த நீங்கள் இப்போது இன்னொரு இழவைத் தாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். இதற்கு யாரும் துக்கம் விசாரிக்க வரமாட்டார்கள், அதனால் இன்னும் கனக்கிறது. அந்த அக்காவுக்காக அழுங்கள். அதை இவருக்கான அழுகை என்று மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, கதையில் ரசித்ததைப் பற்றிச் சொல்கிறேன். 1980களில் ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர், காதல் நாவல்களை விடாமல் படிக்கும் பெண்களிடம் நேரில் பேசி ஆராய்ந்தார். நாயகன் ஆரம்பத்தில் காட்டும் கடுமையை எல்லாம், கடைசியில் அவன் மனம் தெரிந்த பிறகு, "அதுவும் காதலால்தான்" என்று திரும்பிப் பார்த்துப் பொருள்கொள்ளும்படி அந்தக் கதைகள் அமைந்திருக்கின்றன என்று அவர் காட்டினார். நீங்கள் படித்த தொடர்களும் அப்படித்தான். அவன் ஒளிந்து நின்று பார்க்கும்போதே அவன் நல்லவன் என்பது நமக்குத் தெரியும். எழுதுபவர் அவன் மனதைத் திறந்து காட்டிவிடுவார். பிடிக்காவிட்டால் செயலியை மூடிவிட்டுத் தூங்கலாம். அந்தப் பாதுகாப்பு இருப்பதால்தான் அந்தப் பயத்தை ரசிக்க முடிகிறது. உங்கள் வாழ்க்கையில் இவர் மனதைத் திறந்து காட்ட எந்த எழுத்தாளரும் இல்லை. உங்கள் வயிறு கலங்குவது சரியான காரணத்தோடுதான். கதை படித்ததால் இது உங்களுக்கு வந்தது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நீங்கள் படித்ததை அவர் ஒரு வழியாகப் பயன்படுத்திக்கொண்டார். படித்தது குற்றம் ஆகாது.

இது காதல்தானா என்று கேட்கிறீர்கள். அவருக்கு உங்கள் மேல் தீவிரமான ஏதோ ஒன்று இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சேலத்து வரனை யோசித்துப் பாருங்கள். அம்மாவிடம் அழுத்திச் சொல்ல வேண்டிய இடம் அதுதான் என்பேன். உங்களைப் புரிந்துகொள்ளத்தான் அக்காவாகப் பேசினேன் என்று அவர் சொன்னால், அந்த வரனைக் கலைத்தது எதைப் புரிந்துகொள்வதற்காக? அங்கே அவர் உங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, உங்கள் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டிருந்தார். அதுவும் நீங்கள் நம்பிய ஒரு பெண்ணின் குரலில். சேலத்துக்காரர் எப்படிப்பட்டவர் என்பது இப்போது யாருக்கும் தெரியாது. அதை நீங்களே பேசிப் பார்த்து முடிவு செய்திருக்க வேண்டும். "எனக்கு இவர்தான் வேண்டும்" என்று பின்னால் நீங்கள் சொன்ன சம்மதம்கூட, அவர் முன்பே மற்ற கதவுகளைச் சாத்திய பிறகு வாங்கியது. காதலில் இன்னொருவர் "வேண்டாம்" என்று சொல்ல இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தை அவர் உங்களுக்கு விட்டு வைக்கவே இல்லை.

நீங்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் உருகினீர்கள் என்று உங்களையே திட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆர்தர் ஏரன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத இருவரை உட்காரவைத்து, மேலோட்டமாகத் தொடங்கி அந்தரங்கம் வரை போகும் 36 கேள்விகளுக்கு ஒருவருக்கொருவர் பதில் சொல்ல வைத்தார்கள். முக்கால் மணி நேரத்திலேயே அவர்களுக்குள் நெருக்கம் கூடியது. மனம் திறந்து பேசினால் மனித மனம் ஒட்டிக்கொள்ளும், அது இயல்பு. நீங்கள் ஒரு வருடத்துக்கும் மேல் பேசியிருக்கிறீர்கள். ஆனால் அந்த ஆய்வில் இரண்டு பேருமே திறந்தார்கள். இங்கே நீங்கள் மட்டும்தான் திறந்தீர்கள். எதிர்ப்பக்கம் மதுரையும் இல்லை, குழந்தைகளும் இல்லை. பெண் பார்க்க வந்த அன்று அவர் கேட்ட நாற்காலி, அப்பாவை நினைத்து நீங்கள் அழுத அழுகையிலிருந்து அவர் எடுத்து வைத்திருந்தது. இதை எழுதும்போது எனக்கே மனம் பதறுகிறது.

பிடிபட்ட பிறகு அவர் நடந்துகொண்டதையும் கவனியுங்கள். முதலில் சிரித்து, அதைப் பெருமையாக்கினார். பிறகு டேப்லெட்டைப் பார்த்ததுதான் பெரிய குற்றம் என்றார். கடைசியில் காயப்பட்டவர் அவராகவே ஆகிவிட்டார். தவறு செய்தவர் அதை மறுத்து, கேட்டவரைத் தாக்கி, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் தானே போய் உட்கார்ந்துகொள்ளும் இந்த வரிசையை ஜெனிஃபர் ஃப்ரெய்ட் என்ற உளவியலாளர் 1997இலேயே விவரித்திருக்கிறார். இவர் மறுக்கவில்லை, பெருமைப்பட்டார். மற்றதெல்லாம் அப்படியே பொருந்துகிறது. அவருடைய கோபத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லியே நீங்கள் கேட்ட கேள்வி காணாமல் போயிருக்கும், இல்லையா?

உயிரை விட்டுவிடுவேன் என்று சொன்னதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைத் தனியாகச் சுமக்கவும் வேண்டாம். அவருடைய பெற்றோரிடமோ கூடப் பிறந்தவர்களிடமோ அப்படியே சொல்லிவிடுங்கள், முடிந்தால் உங்கள் அண்ணன் மூலமாக. 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், அதையும் அவர்களிடம் கொடுங்கள். அவருக்குத் தேவையானது சிகிச்சையும் கூட இருக்கும் குடும்பமும். நீங்கள் கழுத்தை நீட்டுவது அதற்கு மருந்தாகாது. இதே வார்த்தை கல்யாணத்துக்குப் பிறகு ஒவ்வொரு சண்டையிலும் வரும் என்பது என் அனுபவம்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். தையில் இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது. தீர்மானிக்க வேண்டியது நீங்கள்தான், ஆனாலும் இப்போது என்னால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மண்டப முன்பணம் போகட்டும். பத்திரிகை அடித்த பிறகு நின்ற கல்யாணங்கள் ஊரில் உண்டு, அந்தக் குடும்பங்கள் தலை நிமிர்ந்துதான் வாழ்கின்றன. "குடிக்கிறானா, அடிக்கிறானா" என்ற அம்மாவின் கேள்வியில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர் தலைமுறைப் பெண்களுக்கு ஆபத்து என்றால் அந்த இரண்டும்தான் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவரிடம் விவாதிக்க வேண்டாம். பக்கத்தில் உட்காரவைத்து, சேலத்து வரனைப் பற்றி அக்கா எழுதியதை மட்டும் படித்துக் காட்டுங்கள். நான் சொல்வதைவிட அது அவருக்கு நன்றாகப் புரியும்.

உங்கள் கணக்கிலும் அந்த உரையாடல் இருக்கும். இப்போதே முழுவதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அண்ணனுக்கு அனுப்பி வையுங்கள், மாப்பிள்ளை அழித்துவிடக்கூடும். மின்னஞ்சல், வங்கி, போன் எல்லாவற்றின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். அவருடைய டேப்லெட்டில் உங்கள் கணக்கு எதையாவது திறந்திருந்தால் முதலில் அதிலிருந்து வெளியேறுங்கள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்வதைத் தனியாகப் போய்ச் சொல்லக் கூடாது. "கடைசியா ஒரே ஒரு தடவை பேசணும்" என்று காபிக்கடைக்கோ காருக்கோ கூப்பிட்டாலும் போகக் கூடாது. பெரியவர்கள் சேர்ந்து சொல்லட்டும், நீங்கள் அந்த அறையில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதற்குப் பிறகும் பின்தொடர்ந்தால் 181 மகளிர் உதவி எண்ணை அழையுங்கள். ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பது இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் வருகிறது. ஆள்மாறாட்டம் செய்து இணையவழி ஏமாற்றுவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு பேசுகிறது. உங்கள் விஷயத்தில் எது நிற்கும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், இன்று இரவே அண்ணனைக் கூப்பிடுங்கள். பெங்களூரிலிருந்து ஈரோட்டுக்கு ஒரு ராத்திரிப் பயணம்தான். எனக்கு எழுதிய இதே கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினாலே போதும், புதிதாக எதுவும் யோசித்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் நேரில் முகம் பார்த்துப் பேசும் ஓர் ஆலோசகரிடம் சில மாதங்கள் போய் வாருங்கள். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவரைப் பற்றி நீங்களும் நாலு கேள்வி கேட்டு, நம்பலாம் என்று தோன்றிய பிறகு பேசத் தொடங்கினால் போதும்.