கூரையை மாற்றியவர் மீதிப் பணம் கேட்கிறார், கொடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: பாலக்கோடு வட்டத்தில் ஒரு கிராமம். மாமனார் கட்டிய சீமை ஓட்டு வீடு, பட்டா மாமியார் பெயரில் இருக்கிறது. போன ஐப்பசி மழையில் ஒரு மூலையில் மட்டும் ஒழுகியது. ராயக்கோட்டைப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்து, கூரை வேலையும் எடுத்துச் செய்யும் ஒருவரைக் கூப்பிட்டோம். ஏறிப் பார்த்துவிட்டு, கைமரத்தை எல்லாம் கரையான் தின்றுவிட்டது, மொத்தமாகப் பிரித்துவிட்டு கலர் ஷீட் போட வேண்டும் என்றார். 0.50 மி.மீ. ஷீட், மொத்தம் 1,90,000 ரூபாய் என்று பேச்சு. துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டுக் கொடுத்ததைத் தவிர எழுத்தில் எதுவும் இல்லை. கையில் 50,000 கொடுத்தோம். ஓசூரில் வேலை பார்க்கும் என் கணவர் ஜிபேயில் 1,00,000 அனுப்பினார். சித்திரையில் வேலை முடிந்தது. பிரித்த ஓடுகளையும் மரத்தையும் அவரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஆவணி மழையில் நான்கு இடத்தில் ஒழுக ஆரம்பித்தது. தெரிந்த இன்ஜினீயர் ஒருவர் பார்த்துவிட்டு, ஷீட் 0.35தான் என்கிறார். இப்போது அந்த ஆள் மீதி 40,000 கேட்கிறார். தராவிட்டால் ஷீட்டைக் கழற்றிக்கொண்டு போவேன் என்று மிரட்டுகிறார். போலீசில் கொடுக்கலாமா? எழுத்தில் இல்லாததால் எங்கள் பக்கம் நிற்குமா? மாட்டுக்கொட்டகையின் கல்நார் ஷீட்டும் பழையதாகிவிட்டது. அதை மாற்ற வேண்டுமா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: சகோதரி, வேறு ஆளை வைத்து ஒழுகலை அடைப்பதற்கு முன்னால் கூரை இப்போது இருக்கிற நிலையைப் பதிவு செய்துவிடுங்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். என்னிடம் வரும் கட்டட வழக்குகளில் நியாயம் இருந்தும் பலர் தடுமாறும் இடம் இதுதான். மழைக்குப் பயந்து அவசரமாகச் சரிசெய்துவிடுவார்கள். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல், "என் கட்சிக்காரர் போட்ட கூரையில் குறை இருந்ததற்கு என்ன சாட்சி?" என்று கேட்கும்போது காட்டுவதற்கு எதுவும் இருக்காது.

உங்களுக்குத் தெரிந்த இன்ஜினீயர் வாய்வார்த்தையாகச் சொன்னது போதாது. தகுதியுள்ள சிவில் இன்ஜினீயர் ஒருவர் நேரில் வந்து, ஷீட்டின் கனத்தை மைக்ரோமீட்டர் வைத்துப் பல இடங்களில் அளந்து, தேதி போட்டுக் கையெழுத்திட்ட அறிக்கை தர வேண்டும். பெயருள்ள கம்பெனி ஷீட்டாக இருந்தால் அடிப்பக்கத்தில் கம்பெனிப் பெயரும் கனமும் அச்சாகியிருப்பது வழக்கம். அதை நெருக்கமாகப் படம் எடுங்கள். ஸ்க்ரூவுக்கு அடியில் ரப்பர் வாஷர் இருக்கிறதா, ஒரு ஷீட்டின் மேல் இன்னொன்று எவ்வளவு ஏறியிருக்கிறது, சரிவு போதுமா, முகட்டுத் தகடு சரியாக மூடியிருக்கிறதா என்பதும் அறிக்கையில் வரட்டும். கலர் ஷீட் கூரை ஒழுகினால் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றில்தான் குறை இருக்கும். மழை பெய்யும்போதே ஒழுகும் இடத்தை வீடியோ எடுத்து வையுங்கள்.

கனம் விஷயத்தில் கூரை போட்டவர் ஒரு வாதம் வைக்கலாம். பெயின்ட்டும் பூச்சும் சேர்த்த கனத்தைச் சொல்வது, வெறும் தகட்டின் கனத்தை மட்டும் சொல்வது என்று வியாபாரத்தில் இரண்டு வழக்கம் உண்டு. "நான் சொன்ன கணக்கு வேறு" என்பார். பூச்சைக் கழித்தாலும் 0.50 என்பது 0.35 ஆகிவிடாது. இன்ஜினீயரிடம் இரண்டு அளவையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லிவிட்டால் அந்த வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

இனி, எழுத்தில் இல்லையே என்ற கவலை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். நிரூபிப்பதுதான் வேலை, அதற்கு உங்களிடம் நிறையவே இருக்கிறது. அந்தத் துண்டுச் சீட்டு அவர் கையெழுத்தில் இருந்தால் நல்ல ஆவணம். ஜிபே விவரத்துக்கு வங்கிக் கணக்கு அறிக்கையை வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் பதிவுகள் இருந்தால் எதையும் அழிக்காதீர்கள். அந்த போனையும் விற்க வேண்டாம், மாற்ற வேண்டாம். மின்னணுச் சான்றைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். பதிவு முதலில் வந்த போன் கையில் இருந்தால் அது சுலபம். ரொக்கமாகக் கொடுத்த 50,000-க்கு ரசீது இல்லையென்றால், கொடுத்தபோது கூட இருந்தவர் யார், அந்தப் பணம் எங்கிருந்து எடுத்தது என்று யோசியுங்கள். அதே நாளில் வங்கியிலிருந்து எடுத்திருந்தால் அதுவே துணைச் சான்று.

வழக்குக்குச் சரியான இடம் நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வீடு கட்டும் பணியைச் சேவை என்ற விளக்கத்துக்குள் வைத்திருக்கிறது. பேசியதை விட்டு மட்டமான பொருளைப் போடுவது அந்தச் சட்டத்தில் சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்று இரண்டு வகையிலும் வரும். பணம் அனுப்பியது கணவர், பட்டா மாமியார் பெயரில் என்று குழம்ப வேண்டாம். பணம் கொடுத்து வேலை வாங்கியவரும் நுகர்வோர்தான். அவர் சம்மதத்தோடு அந்தச் சேவையின் பயனை அனுபவிப்பவரும் நுகர்வோர்தான். கணவரும் மாமியாரும் சேர்ந்தே மனு போடட்டும்.

அவர் ராயக்கோட்டைக்காரர் என்பதால் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் போக வேண்டுமோ என்று நினைப்பீர்கள். தேவையில்லை. புகார் கொடுப்பவர் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள ஆணையத்திலேயே தாக்கல் செய்யச் சட்டம் இடம் தருகிறது. கணவர் ஓசூரில் வேலை செய்வதால் கிருஷ்ணகிரியிலும் போடலாம்தான். ஆனால் வீடு இருப்பது தருமபுரி மாவட்டப் பாலக்கோட்டில்; கூரையைப் பார்வையிட ஆணையம் நியமிக்கும் ஆணையர் வர வேண்டியிருந்தால் தருமபுரி ஆணையமே வசதி. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் நீங்களே வாதாடலாம். ஒழுகல் தெரிந்த நாளிலிருந்து காலம் எண்ணலாம் என்று வாதிட இடமுண்டு என்றாலும் அதை நம்பி உட்கார வேண்டாம். வேலை முடிந்த சித்திரையிலிருந்தே இரண்டு வருஷத்தைக் கணக்கு வைத்துக்கொண்டு அதற்குள் மனு போட்டுவிடுங்கள். பொருளைப் பரிசோதிக்கத் தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், பரிசோதனை தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நாளாகும், மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். என்ன பேசினீர்கள், என்ன போட்டார், எங்கெங்கே ஒழுகுகிறது என்பதை எழுதி, இன்ஜினீயர் அறிக்கையின் நகலை இணைத்து, 15 நாளுக்குள் வந்து பேசியபடி சரிசெய்து தரச் சொல்லுங்கள். "தவறினால் வேறு ஆளை வைத்துச் செய்து அந்தச் செலவை உங்களிடம் வசூலிப்போம்" என்று ஒரு வரியைக் கட்டாயம் சேருங்கள். ஒப்புதல் அட்டையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். கெடு முடிந்தும் வரவில்லையென்றால் தாராளமாக ரிப்பேர் செய்துகொள்ளலாம், பில்லோடு. தீர்ப்பு வரும்வரை குடும்பம் மழையில் நனைய வேண்டும் என்று எந்தச் சட்டமும் எதிர்பார்ப்பதில்லை. நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் என்ன முயற்சி எடுத்தீர்கள் என்றுதான் பார்ப்பார்கள்.

மீதி 40,000-ஐ இப்போது கொடுக்காதீர்கள். ஆனால் "தர மாட்டோம், முடிந்ததைப் பார்த்துக்கொள்" என்று வாயால் சொல்லிவிடவும் வேண்டாம். பேசியபடி வேலையை முடித்துத் தந்தால் அன்றே தருகிறோம் என்பதுதான் உங்கள் நிலை. அதை நோட்டீசிலேயே எழுதுங்கள். அவர் பாக்கிக்காக சிவில் கோர்ட்டுக்குப் போனால், உங்கள் நஷ்டத்தை அதில் கழித்துக்கொள்ளக் கேட்கலாம்.

ஷீட்டைக் கழற்றுவேன் என்பது வெறும் மிரட்டல். வீட்டோடு பொருத்திய பிறகு அது உங்கள் வீட்டின் பகுதி; பாக்கி இருந்தால் வழக்குப் போடலாமே தவிர ஏறிப் பிரிக்க அவருக்கு உரிமை இல்லை. அத்துமீறி நுழைவதும், சொத்தைச் சேதப்படுத்துவதும், மிரட்டுவதும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் குற்றங்கள். ஆகவே போலீசுக்குப் போங்கள், ஆனால் மிரட்டலுக்காக மட்டும். மனுவைக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மோசடி என்று பணத்துக்காகப் புகார் கொடுத்தால், ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டிவரும். இது சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். ஸ்டேஷனில் உட்காரவைத்துப் பேசி முடிக்கலாம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

பிரித்த மரத்தைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. கூரையை மொத்தமாக மாற்ற வேண்டிய தேவையே இல்லை என்று நிரூபிப்பது கஷ்டம், பழைய மரம் கைவிட்டுப் போய்விட்டதால். ஒரு மூலையில் ஒழுகினால் பெரும்பாலும் ஓடு விலகியிருக்கும், அல்லது உடைந்திருக்கும். சில ஓடுகளையும் அவற்றைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களையும் மாற்றினால் தீரும். கரையான் உண்மையில் தின்றிருந்தால் திருப்புளியால் குத்தும்போது மரம் மாவாக உதிரும், முகடு வளைந்து தொய்ந்திருக்கும். உங்கள் வீட்டில் யாரும் அப்படிக் குத்திப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. அவர் சொன்னார், நீங்கள் நம்பினீர்கள். சரி, அந்த மரம் எங்கே போனது என்று விசாரியுங்கள். உளுத்துப்போன மரம் என்றால் விறகு விலைக்குத்தான் போகும். யாராவது அதை வாங்கி வேறு வீட்டுக்கோ கொட்டகைக்கோ போட்டிருந்தால், மரம் நன்றாக இருந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். போட்டோ எடுங்கள், வாங்கியவர் பேச ஒப்புக்கொண்டால் பிரமாண வாக்குமூலம் வாங்குங்கள். வீட்டு விசேஷங்களில் எடுத்த பழைய படங்களில் கைமரம் தெரிகிறதா என்றும் தேடிப் பாருங்கள். இது எதுவும் கிடைக்காவிட்டாலும் ஓட்டின் விலையும் மரத்தின் விலையும் உங்களுக்குச் சேர வேண்டியவை. கூலியில் கழித்துக்கொள்வதாகப் பேச்சு இல்லாதவரை, பிரித்த சாமான் வீட்டுக்காரருடையது. மனுவில் அதைத் தனித் தொகையாகக் கேளுங்கள்.

எவ்வளவு கேட்பது? 0.50 கனத்தில் ஷீட்டை மாற்ற ஆகும் செலவு, சாமான் விலை, இன்ஜினீயர் கட்டணம், நியாயமான மன உளைச்சல் ஈடு, வழக்குச் செலவு. ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று எழுதச் சொல்பவர்கள் இருப்பார்கள். அது உங்கள் வார்த்தையின் மதிப்பைத்தான் குறைக்கும். உத்தரவு வந்தும் அவர் பணம் கட்டாவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-வது பிரிவில் 3 வருஷம் வரை சிறைத்தண்டனைக்கு வழி இருக்கிறது.

ஊர்ப் பெரியவர்கள் வைத்துப் பேசலாம் என்று அவர் இறங்கி வந்தால் மறுக்காதீர்கள். ஆனால் முடிவை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே மனு கொடுக்கலாம். அங்கே ஆகும் சமரசம் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாமியார் பெயரில் கேட்டால் வக்கீலையும் அவர்களே நியமிப்பார்கள். 15100 என்ற எண்ணில் பேசலாம்.

மாட்டுக்கொட்டகைக்கு வருகிறேன். கல்நார் ஷீட்டில் ஒன்றிரண்டு போல்ட் ஓட்டை மட்டும் ஒழுகினால் வாஷர் மாற்றி அடைத்தால் போதும். ஷீட்டின் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தாலோ, தொட்டால் நார்நாராகப் பொடி உதிர்ந்தாலோ மாற்றுவதுதான் சரி. கல்நார் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். காய்ந்த ஷீட்டை உடைக்கவோ, தேய்த்துப் பெருக்கவோ விடாதீர்கள். தண்ணீர் தெளித்து, முழு ஷீட்டாகக் கழற்ற வேண்டும். 2024 டிசம்பர் ஆரம்பத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியதை நாம் பார்த்தோம். அப்படியொரு மழைக்கு முன்னால் சந்தேகமுள்ள கூரையைச் சோதித்துவிடுவது நல்லதுதான். ஆனால் மாற்ற வேண்டுமா என்று சொல்பவர் ஒருவராகவும், மாற்றிக் காசு வாங்குபவர் வேறொருவராகவும் இருக்கட்டும். இன்ஜினீயருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவாகாது.

வேலை கொடுக்கும்போது கொட்டேஷனில் கம்பெனிப் பெயர், கனம், எத்தனை சதுர அடி, ஸ்க்ரூ, வாஷர், பழைய சாமான் யாருக்கு, ஒழுகினால் எத்தனை வருஷத்துக்கு இலவசமாகச் சரிசெய்வார் என்பதை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். அட்வான்ஸ் கொஞ்சம், கம்பி வேலை முடிந்ததும் கொஞ்சம், ஷீட் வந்து இறங்கி, கனத்தை அளந்து பார்த்த பிறகு கொஞ்சம். பத்தில் ஒரு பங்கை ஒரு பெருமழை பார்த்த பிறகு தருவதாக முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இதற்குச் சம்மதிக்காதவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.