எலும்பு சொன்னது எது, ஓவியர் சேர்த்தது எது? கடல் ஊர்வனப் படங்கள் பற்றிக் கேள்வி பதில்

பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும் தொல்கால கடல் ஊர்வன ஆவணப்படங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். நான் படித்தது அந்த விலங்குகளின் எலும்புகளை. எந்தச் சந்தா மலிவு, எந்தத் திரை நல்லது என்று கேட்டவர்கள் அது தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

ஆறு வயது மகளின் அம்மா: மேடம், முதன்முதலாக எந்தப் படத்தைக் காட்டலாம்? சட்டென்று பயந்துவிடுவாள்.

நேஷனல் ஜியாகிரஃபிக் 2007-இல் பெருந்திரைக்காக எடுத்த 'சீ மான்ஸ்டர்ஸ்: எ ப்ரீஹிஸ்டாரிக் அட்வென்ச்சர்' 40 நிமிடம்தான். சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவின் நடுவே கிடந்த உள்கடலில் டோலிகோரிங்கோப்ஸ் என்ற கடல் ஊர்வனவின் குட்டி ஒன்று வளரும் கதை. நடுநடுவே பாறையைக் கொத்தி எலும்பை எடுப்பவர்களையும் காட்டுவார்கள். நான் இதை முதலில் சொல்வது அதற்காகத்தான். ஆனால் குட்டியின் தாயும் உடன்பிறந்ததும் இரையாகிவிடும். நீங்கள் முன்னாலேயே ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த இடம் வருவதற்குள் மகளிடம் சொல்லிவையுங்கள். தெரிந்து பார்க்கிற குழந்தை அவ்வளவாகக் கலங்காது.

இந்தக் கடல் டைனோசர்களில் எது மிகப் பெரியது?

முதலில் ஒன்று. இவை டைனோசர்கள் அல்ல. இக்தியோசர், பிளீசியோசர், மோசசர் மூன்றும் தனித்தனியாகக் கடலுக்குத் திரும்பிய ஊர்வன வம்சங்கள். மோசசர்கள் பல்லி, பாம்புகளின் கூட்டத்தைச் சேர்ந்தவை. படத்தின் அட்டையில் என்ன போட்டிருந்தாலும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

பெரியது இக்தியோசர்களில்தான். 2020-இல் இங்கிலாந்தின் சாமர்செட் கடற்கரையில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி அப்பாவோடு நடக்கும்போது ஒரு தாடை எலும்பின் துண்டைக் கண்டாள். 2024-இல் அந்த விலங்குக்கு இக்தியோடைட்டன் என்று பெயரிட்டார்கள். அந்த ஒரு எலும்பே 2 மீட்டருக்கு மேல். முழு விலங்கு 25 மீட்டர் இருந்திருக்கலாம் என்பது கணிப்பு. தாடையை வைத்துப் போட்ட கணக்கு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மெகலோடானும் மோசசரும் சண்டை போட்டால் யார் ஜெயிப்பார்கள்?

சந்திக்கவே இல்லை. மோசசர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்தன. மெகலோடான் சுறா தோன்றியது சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன். இடையில் 4 கோடி ஆண்டுக்கும் மேல்.

படத்தில் தண்ணீருக்குள் கர்ஜிக்கிறதே, உண்மையா?

ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்த்தது. எந்த எலும்பிலும் அதற்குச் சான்று இல்லை.

ஏழாம் வகுப்பு மாணவன்: அக்கா, இக்தியோசர் அப்படியே டால்பின் மாதிரி இருக்கிறது. டால்பின் அதிலிருந்து வந்ததா?

இல்லை தம்பி. டால்பின் பாலூட்டி, இக்தியோசர் ஊர்வன. அடுத்த முறை படத்தை நிறுத்தி வாலைப் பார். இக்தியோசரின் வால் மீனைப்போல் நிமிர்ந்து நிற்கும், பக்கவாட்டில் அடிக்கும். டால்பினின் வால் படுக்கையாக இருக்கும், மேலும் கீழும் அடிக்கும். ஓணான் ஓடும்போது உடல் இடமும் வலமும் வளைகிறது. நாய் பாய்ந்து ஓடும்போது முதுகு மேலும் கீழும் வளைகிறது. தரையில் முன்னோர் எப்படி ஓடினார்களோ, அந்த வளைவையே இரண்டு வம்சமும் தண்ணீருக்குள் கொண்டுபோயின. வேகமாக நீந்தி மீன் பிடிக்கவேண்டும் என்ற ஒரே தேவை இரண்டுக்கும் ஒரே உருவத்தைக் கொடுத்தது. தோலுக்கடியிலும் ஒற்றுமை உண்டு. ஜெர்மனியில் கிடைத்த ஸ்டெனாப்டெரிஜியஸ் என்ற இக்தியோசரின் தோலை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். திமிங்கலத்துக்கு இருப்பதுபோன்ற கொழுப்பு அடுக்கு, கருத்த முதுகு, வெளுத்த வயிறு. ஆகவே படங்களில் இக்தியோசருக்கு அந்த நிறம் தீட்டினால் சான்று இருக்கிறது. சிவப்பும் மஞ்சளும் வரிவரியாகத் தீட்டினால் இல்லை.

கடல்பித்தன்: பிபிசியின் 1999 தொடரில் லியோப்ளூரடான் 25 மீட்டர் என்றார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்குக் கடல் பைத்தியமே பிடித்தது. இப்போது எல்லாரும் அதைக் கேலி செய்கிறார்கள். சரிதானா?

கேலி வேண்டாம். 'வாக்கிங் வித் டைனோசர்ஸ்' தொடரின் கடல் பகுதி பலரை இந்தத் துறைக்கு இழுத்து வந்தது. ஆனால் அளவு தவறு. லியோப்ளூரடான் ஒரு பிளையோசர், அதாவது கழுத்து குட்டையாகவும் தலை பெரிதாகவும் இருந்த பிளீசியோசர் வகை. அதற்குப் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்லும் நீளம் 6 முதல் 7 மீட்டர். படம் அதை மூன்று மடங்குக்கு மேல் நீட்டி, 150 டன் எடையும் கொடுத்தது. இன்றைய நீலத்திமிங்கலத்தோடு போட்டி போடும் எடை அது. பிள்ளைகளோடு பார்க்கும்போது அந்த இடத்தில் நிறுத்தி உண்மையான அளவைச் சொல்லுங்கள்.

மெகலோடான் இன்னும் ஆழ்கடலில் உயிரோடு இருப்பதாக ஒரு ஆவணப்படமே வந்ததே?

2013-இல் டிஸ்கவரி சேனலில் வந்தது. விஞ்ஞானிகளாகத் தோன்றியவர்கள் நடிகர்கள். மெகலோடான் அழிந்து 30 லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகிறது.

கடல்பித்தன்: மேடம், மறுபடி நான்தான். குழந்தைக்கு முதலில் வேண்டியது வியப்பு. 7 மீட்டர் என்று சொல்லியிருந்தால் நான் வாய் பிளந்திருப்பேனா? வியப்பு வந்துவிட்டால் திருத்தம் பிறகு வரும்.

வியப்பு வேண்டும் என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. அதற்குப் பொய் வேண்டுமா என்பதுதான் கேள்வி. 2024 புத்தாண்டன்று பிபிசி ஒரு படம் காட்டியது. இங்கிலாந்தின் டார்செட்டில், கிம்மரிட்ஜ் விரிகுடாவின் செங்குத்தான பாறைச்சுவரிலிருந்து ஒரு பிளையோசர் மண்டையோட்டை எடுத்த கதை. கடற்கரையில் முதலில் கிடைத்தது மூக்குமுனை. மீதி, மேலே பாறைக்குள். கயிற்றில் தொங்கியபடி தோண்டி எடுத்தார்கள். 2 மீட்டர் மண்டையோடு, 130 பற்கள். யாரும் எதையும் நீட்டவில்லை. அதைப் பார்க்கும் எந்தப் பிள்ளையும் வாய் பிளக்கும்.

இன்னொன்று. திருத்தம் பிறகு வரும் என்கிறீர்கள். வருவதில்லை. 25 மீட்டர் என்ற எண் இன்றும் பிள்ளைகளின் படப்புத்தகங்களிலும் பொம்மைப் பெட்டிகளிலும் உலவுகிறது.

இன்னொரு வாசகர்: கடல்பித்தன் பக்கம் நான். விஞ்ஞானிகளே மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். ஒருவர் தலையை வாலில் ஒட்டினாராமே! அப்புறம் படம் எடுத்தவர்களை மட்டும் ஏன் குறை சொல்லவேண்டும்?

அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் எட்வர்ட் ட்ரிங்கர் கோப்பைச் சொல்கிறீர்கள். 1860-களின் இறுதியில் எலாஸ்மோசாரஸ் என்ற நீண்ட கழுத்துப் பிளீசியோசரின் எலும்புகளை அடுக்கும்போது வாலின் நுனியில் தலையை வைத்தார். தவறு என்று 1870-இல் எடுத்துச் சொன்னவர் இன்னொரு ஆய்வாளர், ஜோசப் லெய்டி. எதை வைத்துச் சொன்னார்? முள்ளெலும்புகளை வைத்து. எலும்பு இருந்ததால் தவறு பிடிபட்டது. எந்த எலும்பிலிருந்து 25 மீட்டர் வந்தது என்று ஒரு படம் சொல்லாவிட்டால், பார்ப்பவர் எதைக்கொண்டு சரிபார்ப்பார்? மாற்றிச் சொல்வதை நான் குறையாகவே நினைக்கவில்லை. ஏன் மாற்றினோம் என்பதை மறைப்பதுதான் குறை.

ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் இருப்பதாகச் சொல்லப்படும் விலங்கு பிளீசியோசரா?

இல்லை. பனியுகத்தில் அந்த ஏரி இருந்த இடமே பனிக்கட்டிக்கு அடியில் கிடந்தது. இன்றைய ஏரிக்கு வயது சுமார் 10,000 ஆண்டு, பிளீசியோசர் அழிந்து 6.6 கோடி ஆண்டு. அன்னம்போல் கழுத்தை உயரத் தூக்கவும் பிளீசியோசரால் முடியாது.

மோசசர் பல் விற்பனைக்கு வருகிறது. மகன் கேட்கிறான், வாங்கலாமா?

விலை பற்றி என்னால் சொல்ல முடியாது. மொராக்கோவின் பாஸ்பேட் பாறைகளிலிருந்து உண்மையான பற்கள் நிறைய வருகின்றன. உடைந்த தாடையில் பசையும் மணலும் பூசிப் பற்களை ஒட்டுவதும் நடக்கிறது. வாங்குமுன் ஓர் அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

தாய் பிளீசியோசர் குட்டியைப் பாசமாக வளர்ப்பதுபோல் காட்டுகிறார்களே. கரைக்கு வந்து முட்டையிட்டுவிட்டுப் போகும் ஆமையைப்போல்தானே இவையும் இருந்திருக்கும்?

இத்தனை கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. கரைக்கு வரவில்லை, முட்டையிடவில்லை. பாலிகோடைலஸ் என்ற பிளீசியோசரின் புதைபடிவம் 1987-இல் கான்சஸில் கிடைத்தது. 2011-இல் அதை ஆராய்ந்து எழுதியவர்கள் ஓகீஃப், சியாப்பே இருவர். சுமார் 4.7 மீட்டர் தாய், வயிற்றுக்குள் ஒரே ஒரு குட்டி, பிறந்திருந்தால் அது 1.5 மீட்டர் இருந்திருக்கும். இதுவரை எலும்பு சொன்னது.

இனி வருவது ஊகம். நூறு முட்டையிடும் விலங்கு அவற்றை விட்டுவிட்டுப் போகலாம். தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் ஒற்றைக் குட்டியைச் சுமந்த தாய், இன்றைய திமிங்கலங்களைப்போல் பிறந்தபின்னும் அதைக் காத்திருக்கலாம் என்று அந்த இருவரும் எழுதினார்கள். நல்ல ஊகம், ஆனாலும் ஊகம். படத்தில் தாய் குட்டியை முகத்தால் உரசும் காட்சி மூன்றாவது படி, அது ஓவியரின் மனம். மூன்றும் ஒரே காட்சியில் ஒன்றாய் வருகின்றன. பிள்ளைகளிடம் 'இதில் எது எலும்பு, எது ஊகம், எது ஓவியம்?' என்று கேட்டுப் பாருங்கள். விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள்.

மெகலோடான் எவ்வளவு...

மெகலோடான் சுறா, ஊர்வன அல்ல. மேலே இரண்டு பதில் இருக்கிறது, படியுங்கள். இனி வரும் மெகலோடான் கேள்விகளை எடுக்கமாட்டேன்.

கடல்பித்தன்: சரி மேடம், அளவை விட்டுவிடுகிறேன். ஆனால் அந்தப் பகுதியின் முதல் காட்சியில், கரையில் நின்ற டைனோசரை லியோப்ளூரடான் பாய்ந்து கவ்வுமே, அதுவாவது நடந்திருக்குமா?

அதற்கும் சான்று இல்லை. திமிங்கல வகையான ஓர்காக்கள் கரையேறிக் கடற்சிங்கங்களைக் கவ்வுவதைப் பார்த்து எழுதிய காட்சிபோல் தெரிகிறது. வேட்டைக்குச் சான்று வேண்டுமென்றால், 1918-இல் சார்லஸ் ஸ்டெர்ன்பெர்க் எடுத்த டைலோசாரஸ் என்ற மோசசரைத் தேடிப் பாருங்கள். அதன் வயிற்றுப்பகுதியில் ஒரு பிளீசியோசரின் எலும்புகள் கிடந்தன. நான் முதலில் சொன்ன 2007 படத்தில் வரும் வேட்டைக்கு அடிப்படை இதுபோன்ற புதைபடிவங்கள்தான். உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டி, எதை நம்புகிறார்கள், ஏன் என்று கேட்டு எழுதுங்கள். அந்தப் பதில்களைப் படிக்க எனக்கு ஆசை.