சங்கிலியைப் பறிக்கும்போது காயம் பட்டால் அது வெறும் பறிப்பா, வழிப்பறியா?

பைக்கில் வந்தவர்கள் அம்மாவின் சங்கிலியை இழுத்ததில் கழுத்து அறுபட்டு, கீழே விழுந்து முழங்கை எலும்பும் முறிந்திருக்கிறது. எஃப்ஐஆரில் பறிப்புக்கான பிரிவு 304 மட்டும் போட்டது சரியா என்று கேட்கிறீர்கள். சரியில்லை. பதற்றத்தில் எழுதிய புகாரில் "சங்கிலியைப் பறித்துச் சென்றனர்" என்று ஒரு வரிதான் இருந்திருக்கும். அதற்கு 304தான் வரும்.

இ.பி.கோ.வுக்குப் (இந்திய தண்டனைச் சட்டம்) பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் (1.7.2024 முதல் நடப்பில் உள்ளது) பிரிவு 304 என்பது பறிப்பு. திடீரென்றோ பலவந்தமாகவோ பிடுங்கினாலே போதும். அதிகபட்சம் 3 ஆண்டு. வழிப்பறி பிரிவு 309, பழைய இ.பி.கோ. 390, 392. திருடுவதற்காகவோ, திருடியதைக் கொண்டுபோவதற்காகவோ ஒருவரைக் காயப்படுத்தினால், மறித்து வைத்தால், அல்லது அந்த நொடியே அப்படிச் செய்துவிடுவான் என்ற பயத்தை உண்டாக்கினால் திருட்டு வழிப்பறியாகிவிடும். தண்டனை 10 ஆண்டு வரை கடுங்காவல், அபராதம். நெடுஞ்சாலையில் சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நடந்தால் 14 ஆண்டு வரை. வேண்டுமென்றே காயம் விளைவித்திருந்தால் 309(6): ஆயுள் அல்லது 10 ஆண்டு வரை கடுங்காவல். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் அது கூட்டுக் கொள்ளை, பிரிவு 310.

காயமோ பயமோ "அதற்காகவே", அதாவது திருட்டுக்காகவே, என்பதுதான் உயிர்நாடி. நகையைப் போட்டுவிட்டு ஓடுகிறவன் பிடிபடாமல் இருக்கக் கல்லெறிந்தால் அது வழிப்பறி ஆகாது; நகையோடு ஓடும்போது எறிந்தால் ஆகும்.

எதிர்த்தரப்பு வக்கீல் "அவர் தானாகத் தடுமாறி விழுந்தார், காயம் தற்செயல்" என்பார். இதைப் படிக்கும் வக்கீல்கள் சிலரும் அதையே சொல்லக்கூடும். வாதத்துக்கு இடமுண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஓடும் வண்டியிலிருந்து கழுத்துச் சங்கிலியை இழுத்தால் காயம் படும் என்பது இழுப்பவனுக்குத் தெரியும். சட்டத்துக்கு அந்த அறிவே போதும். எலும்பு முறிவு கொடுங்காயம் என்பதால் பிரிவு 311-ஐயும் கேளுங்கள். அதில் 7 ஆண்டுக்குக் குறையாத தண்டனை. கத்தியால் குத்தாமல் காட்டி மட்டும் இருந்தாலும் 311 வரும், ஆனால் காட்டியவனுக்கு மட்டும். உச்ச நீதிமன்றம் 1975லேயே பூல் குமார் வழக்கில் இதற்கு இணையான பழைய இ.பி.கோ. 397-ஐ அப்படித்தான் விளக்கியது.

இப்போது செய்ய வேண்டியது: அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல், எக்ஸ்ரே அறிக்கை இரண்டையும் வாங்குங்கள். இழுத்தது முன்னால் இருந்தவனா, பின்னால் இருந்தவனா, அம்மா சங்கிலியைப் பிடித்துக்கொண்டபோது என்ன செய்தான், எப்படி விழுந்தார் என்று கூடுதல் வாக்குமூலம் கொடுத்து, எஃப்ஐஆரில் பிரிவை மாற்றும் அறிக்கையை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்துமூலம் மனு கொடுங்கள். அடையாள அணிவகுப்புக்கு (சந்தேக நபரை வேறு பலரோடு நிறுத்தி அடையாளம் காட்டச் சொல்வது) முன் ஸ்டேஷனில் ஆளைக் காட்டினால் அம்மா பார்க்க வேண்டாம். பார்த்தால் அணிவகுப்பின் மதிப்பே போய்விடும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. மீட்ட நகை நீதிமன்றப் பொறுப்பில் ஆண்டுக்கணக்கில் முடங்குவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. படம் எடுத்து, பட்டியலிட்டு, பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் விரைவில் கொடுத்துவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது. நகை கிடைத்ததும் ரசீதையும், அம்மா அதை அணிந்திருக்கும் படத்தையும் வைத்து, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 497 அல்லது 503இன் கீழ் உடனே மனுப் போடுங்கள்.