ரோபோ உதவியுடன் கல்லீரல் தானம்: கேட்டவர்களுக்குப் பதில்

டாக்டர், ரோபோவே அறுவை சிகிச்சை செய்துவிடுமா?

இல்லை. மருத்துவரின் விரல் அசையாவிட்டால் அது ஒரு மயிரிழைகூட நகராது. அவர் சில அடி தள்ளி, கன்சோல் என்னும் கட்டுப்பாட்டு மேசையில் முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி கைகளை அசைக்கிறார். வயிற்றுக்குள் இருக்கும் கருவி அந்த அசைவைச் சிறிதாக்கி, கை நடுக்கத்தையும் நீக்கிச் செய்கிறது. நோயாளியின் பக்கத்திலேயே இன்னொரு அறுவை மருத்துவர் நின்றுகொண்டிருப்பார்.

எனக்கு 27 வயது. அப்பாவுக்கு என் கல்லீரலின் வலது பகுதியைத் தரப்போகிறேன். தழும்பை நினைத்து அம்மா அழுகிறார்.

அம்மாவின் கவலை நியாயமானதுதான், தங்கையே. வழக்கமான முறையில் விலா எலும்புக்குக் கீழே நீண்ட வெட்டு விழும். ரோபோ முறையில் விரல் நுனி அளவுள்ள சில துளைகள் போதும். வெட்டிய பகுதியைப் பையில் இட்டு, அடிவயிற்றில் சிசேரியனுக்குப் போடுவது போன்ற வெட்டின் வழியாக எடுப்பார்கள். வலி குறையும், மூச்சை இழுத்துவிடுவது எளிதாகும், பின்னாளில் குடலிறக்கம் வரும் வாய்ப்பும் குறையும்.

ஆனால் வெளிக்காயம்தான் சிறியது. உள்ளே வெட்டப்படுவது கல்லீரலின் அதே சுமார் 60 சதவீதம்தான். வலது பகுதி தானத்தில் உயிரிழப்பு ஆபத்து 200 முதல் 500 பேரில் ஒருவருக்கு என்று சொல்லப்படுகிறது; ரோபோ வந்ததால் அது இல்லாமல் போய்விடவில்லை. உங்களுக்கு மிஞ்சும் கல்லீரல் 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஸ்கேன் கணக்கில் அது எவ்வளவு என்பதைத் தழும்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் கேளுங்கள்.

நான் நர்சிங் மாணவி. இதில் மிகக் கடினமான கட்டம் எது?

கல்லீரலிலிருந்து பித்தநீரைக் கொண்டுசெல்லும் குழாயான பித்தநாளத்தை வெட்டும் கணம். இரண்டு மில்லிமீட்டர் இந்தப் பக்கம் போனால் கொடையாளருக்குக் கேடு. அந்தப் பக்கம் போனால் ஒரு நாளத்துக்குப் பதில் இரண்டை இணைக்க வேண்டிய நிலை பெறுபவருக்கு வரும். இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை ஊசி வழியாகச் செலுத்தியிருப்பார்கள். அது பித்தத்தில் கலந்துவிடும். கேமராவை அகச்சிவப்பு ஒளிக்கு மாற்றியதும், இருண்ட திரையில் பித்தநாளம் பச்சைக் கிளையாக ஒளிரும். கிளை பிரியும் இடத்தைப் பார்த்து, அறையே மௌனமாகிவிடும்; பிறகுதான் கத்தரி நகரும். பல ரோபோக்களில் தொடு உணர்வு கைக்கு எட்டாது. நூல் எவ்வளவு இறுகியது என்பதையும் கண்தான் சொல்ல வேண்டும்.

கல்லீரல் பெறப்போகும் என் கணவருக்கும் துளை வழியாகவே செய்ய முடியாதா?

செய்திருக்கிறார்கள் அம்மா. 2023-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸிலும் சவுதியின் ரியாத்திலும் பெறுபவருக்கே ரோபோ மூலம் புதிய கல்லீரலைப் பொருத்தினார்கள். எனினும் அது இன்னும் மிகச் சிலருக்குத்தான். சிரோசிஸ் என்ற கல்லீரல் சுருக்க நோய் முற்றியவரின் வயிற்றில் ரத்தக்குழாய்கள் புடைத்துப் பின்னிக் கிடக்கும். ரத்தம் உறையும் தன்மையும் குறைந்திருக்கும். அங்கே கசிவு தொடங்கினால் உடனே கைவைத்து அழுத்த வேண்டும். உங்கள் கணவருக்குத் திறந்த முறையைச் சொல்லியிருந்தால், அதைக் குறைவான சிகிச்சையாக நினைக்க வேண்டாம்.

என் பத்து மாதக் குழந்தைக்கு நான் தரலாமா?

ரத்தப் பிரிவும் பரிசோதனைகளும் ஒத்துவந்தால் தரலாம். குழந்தைக்கு இடப்பக்கச் சிறு பகுதி, அதாவது கால்வாசிக்கும் குறைவு, பெரும்பாலும் போதும். சிறுதுளை முறை கொடையாளர்களுக்கு வந்ததே இந்தப் பகுதியில்தான்; பாரிஸில் லேப்ராஸ்கோப்பி, அதாவது ரோபோ இல்லாமல் துளை வழியே கேமராவும் கருவிகளும் செலுத்தும் முறை மூலம் இதை எடுத்த செய்தி 2002-இல் வெளியானது.

எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ?

கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள். கொடையாளர் நோயில்லாத மனிதர். தன் நலனுக்காக அவர் மேசையில் படுக்கவில்லை. எத்தனை கொடையாளர்களுக்கு ரோபோ மூலம் செய்தார், எத்தனை பேருக்கு நடுவில் வயிற்றைத் திறக்க நேர்ந்தது, எத்தனை பேருக்குப் பித்தம் கசிந்தது: மூன்றையும் கேளுங்கள். நடுவில் திறப்பது தோல்வி அல்ல. திறக்க வேண்டிய நேரத்தில் தயங்காதவரிடம்தான் என் வீட்டுப் பிள்ளையையும் ஒப்படைப்பேன்.